பண்டிகைக்குப் பயணம்: வடசென்னையிலிருந்து எப்படித் திட்டமிடுவது?

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது "டிக்கெட் கிடைக்குமா?" என்று கேட்டால் யாராலும் பெரிதாக உதவ முடியாது. அதே கேள்வியை நவம்பரில் கேட்டால் வழி இருக்கிறது. பண்டிகைப் பயணத்தில் முக்கியமான நாள் பண்டிகை நாள் அல்ல, முன்பதிவு திறக்கும் நாள்தான். அதைக் காலண்டரில் குறிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: எதற்காகப் போகிறீர்கள்?

சொந்த ஊரில் பண்டிகை கொண்டாடப் போகிறீர்களா, ஒரு திருவிழாவைப் பார்க்கப் போகிறீர்களா, லீவு கிடைத்ததால் சுற்றப் போகிறீர்களா? மூன்றாவது என்றால், போகிற இடத்தில் அந்த நேரம் பண்டிகை இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் பக்கத்து உதாரணம் பெரியபாளையம் அம்மன் கோயில். ஆடி ஞாயிறு அன்று வேன் வேனாக வடசென்னையே அங்கேதான் இருக்கும். வேப்பிலைச் சேலை வேண்டுதல் உள்ளவர்கள் அந்தக் கூட்டத்தோடு போவதுதான் நிறைவு. அம்மனைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்பவர்கள் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு தவிர்த்துப் போகலாம்.

காசிமேட்டுக் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மதுரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமியும் அதற்குள்தான் வரும். ஆள் வீட்டில் இருக்கும் காலம், ஆனால் கையில் காசு குறைவாக இருக்கும் காலமும் அதுதான். அதனால் டிக்கெட்டைத் தொழில் ஓடும்போதே எடுத்துவிடுங்கள்.

படி 2: தேதி நகருமா, நகராதா?

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15, தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, வேளாங்கண்ணி கொடியேற்றம் ஆகஸ்ட் 29, பெருவிழா செப்டம்பர் 8. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டமிடலாம். தீபாவளி, தைப்பூசம், கார்த்திகை தீபம் வருடா வருடம் நகரும், ஆனால் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே தெரிந்துவிடும். ரம்ஜான், பக்ரீத் பிறை பார்த்து முடிவாகும் என்பதால், முன்னும் பின்னும் ஒரு நாள் தள்ளிவைத்தே டிக்கெட் போடுங்கள்.

படி 3: ரயில் டிக்கெட்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். ஜனவரி 13 இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டுமானால், நவம்பர் 14 காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும். ஜனவரி 18 திரும்புவதாக இருந்தால் நவம்பர் 19. இரண்டு தேதியையும் இப்போதே போனில் அலாரமாகப் போட்டுவிடுங்கள்.

நள்ளிரவுக்கு மேல் நடுவழியில் ஏறுகிறீர்கள் என்றால், வண்டி கிளம்பும் ஊரில் என்ன தேதியோ அதிலிருந்துதான் 60 நாள் கணக்கு. திரும்பும் டிக்கெட்டில் பலர் ஒரு நாள் கோட்டைவிடுவது இதில்தான்.

முதல் நாள் இரவே செய்ய வேண்டியவை: ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி தளத்தில் உங்கள் கணக்கை ஆதாருடன் இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இணைக்காவிட்டால், பதிவு திறக்கும் நாளிலும், கடைசி நேர முன்பதிவான தட்காலிலும் உங்களால் இணையத்தில் டிக்கெட் எடுக்க முடியாது. பயணிகள் பெயர், வயதைப் பட்டியலில் ஏற்றி வையுங்கள். 8 மணிக்கு உட்கார்ந்து அப்பா வயதைத் தட்டிக்கொண்டிருந்தால் அதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும்.

இணையத்தில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட், சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்ட பிறகும் உறுதியாகவில்லை என்றால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்து வண்டி ஏற முடியாது. தட்கால் முந்தைய நாள் காலை: ஏசிக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. பொங்கலுக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

எல்லோரும் போகிற டிக்கெட்டுக்கே மல்லுக்கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் திரும்பும் டிக்கெட்தான் பெரிய விஷயம். போவதற்குக் கடைசியில் சிறப்புப் பேருந்தாவது கிடைக்கும். லீவு முடிந்து வேலைக்கு வந்தே ஆக வேண்டிய நாளில் ஊரே சென்னைக்குக் கிளம்பும்.

படி 4: வீட்டிலிருந்து வண்டி வரை

தெற்கே போகும் அரசுப் பேருந்துகள் பெரும்பாலும் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து. நமக்கு அது ஊரின் மறு கோடி. முன்பதிவு செய்யும்போது ஏறும் இடங்களில் மாதவரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் பீச் ஸ்டேஷனில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறி வண்டலூர் அல்லது ஊரப்பாக்கத்தில் இறங்குங்கள். பண்டிகைக்கு முந்தைய மாலை ஜிஎஸ்டி சாலையில் ஆட்டோவில் போவது வேண்டவே வேண்டாம். கோவை, பெங்களூரு பக்கம் போகிறவர்கள், வண்டி பெரம்பூரில் நின்றால் அங்கேயே ஏறலாம். விமானம் என்றால் கவலையே இல்லை: விம்கோ நகர், டோல்கேட், தண்டையார்பேட்டை எங்கிருந்தும் ஒரே மெட்ரோவில் விமான நிலையம் போய்விடலாம்.

படி 5: வெளிநாடு

முதல் முறை போகிறவர்களுக்கு மலேசியத் தைப்பூசத்தைத்தான் சொல்வேன். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து முந்தைய இரவு வெள்ளி ரதம் கிளம்பி, காவடிக் கூட்டத்தோடு பத்துமலை முருகன் கோயிலுக்கு வரும். 272 படி. கோயில் வாசலுக்குப் பக்கத்திலேயே நகரிலிருந்து வரும் கேடிஎம் ரயிலின் நிலையம் இருப்பதால் நகருக்குள் தங்கினால் போதும். இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமல் 30 நாள் அனுமதி. ஆனால் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும், சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டி வரும். எனவே இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம்தான் இடைவெளி, சில வருடம் முன்னால், சில வருடம் பின்னால். சீனப் புத்தாண்டுப் பக்கம் பயணத்தை நீட்டினால் விமானக் கட்டணம் ஏறும், கடைகள் மூடியிருக்கும். வியட்நாமின் புத்தாண்டான டெட் பண்டிகையும் அதே நேரம்தான்.

பாலி போகிறவர்கள் அங்கே மௌன நாளான நியேபி எந்த நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும், விடுதியை விட்டு வெளியே வர முடியாது. தாய்லாந்தில் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் புத்தாண்டான சோங்க்ரான் ஏப்ரல் 13 முதல் 15 வரை. தெருவில் நடந்தால் நனையாமல் வர முடியாது, போனுக்குத் தண்ணீர் புகாத உறை வாங்கிக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருந்தால் டிக்கெட்டிலும் அப்படியே போடுங்கள், இனிஷியலாகச் சுருக்காதீர்கள்.