சாயம் ஏற்றாமல் புழுவின் தசை இழைகளைப் பார்ப்பது எப்படி?

ஒரே தளத்தில் அதிரும் ஒளியில் (தளவிளைவு ஒளி) பார்த்தால் தசை இழைகள் சாயமின்றியே மின்னும் என்பார்கள். மூன்று மாலைகள் அப்படி நுண்ணோக்கியோடு மல்லுக்கட்டியும் எனக்குக் கறுப்புத் திரைதான் தெரிந்தது. புழு செத்துவிட்டதோ, விளக்கு பழுதோ என்றெல்லாம் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், புழுவைப் படுக்கவைத்த கோணம்தான் பிழை.

ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு உருளைப்புழுவான சி. எலிகன்ஸின் உடற்சுவரில் 95 தசைச் செல்கள், நான்கு பட்டைகளாக ஓடுகின்றன. அவற்றின் தடித்த இழைகளில், தசையைச் சுருங்கவைக்கும் புரதமான மயோசின் இருவகை உண்டு: இழையின் நடுப்பகுதியில் மயோ-3 மரபணு தருவது, நடுவிலிருந்து இரு புறமும் நீளும் கைகளில் அன்க்-54 மரபணு தருவது. அன்க்-54 கெட்டால் இழைகள் வெகுவாகக் குறைந்து, புழு ஏறக்குறைய முடங்கிவிடும். இதை எப்ஸ்டீன், வாட்டர்ஸ்டன், பிரென்னர் மூவரும் 1974இல் காட்டினார்கள்.

முதலில் புழுக்கள். இயல்பான என்2 இனமும், அன்க்-54 கெட்ட சிபி190 இனமும் போதும். இரண்டும் மினசோட்டா பல்கலைக்கழகத்திலுள்ள புழு வங்கியில் கிடைக்கும். சிபி190 முட்டையிடத் திணறும் என்பதால் வயிறு முட்டைகளால் அடைத்துக்கொண்டு பார்வையை மறைக்கும். இளம் புழுவாகவே எடுங்கள்.

ஸ்லைடில் 2 சதவீத அகரோஸ் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) திண்டின் மேல் புழுவை அசையாமல் நிறுத்த 10 மில்லிமோலார் சோடியம் அசைடு ஒரு சொட்டு, அதில் ஐந்தாறு புழுக்கள், மேலே கவர் ஸ்லிப். அசைடு கடும் நஞ்சு, கையுறை கட்டாயம். மயக்கத்துக்கு லெவமிசோல் போடுவோரும் உண்டு. அது தசையைச் சுருட்டி இறுக்கிவிடும் என்பதால் இந்த வேலைக்கு எனக்குப் பிடிக்காது.

அடுத்து தளவிளைவாக்கியையும் (புழுவுக்குக் கீழே ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்கும் வடிகட்டி) பகுப்பானையும் (புழுவுக்கு மேலே உள்ள அதே வகை வடிகட்டி) ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி, புலத்தை இருட்டாக்குங்கள். ஒளியைத் திருப்பும் தசை இழைகள் மட்டும் அந்த இருட்டில் மின்ன வேண்டும். உங்கள் நுண்ணோக்கியில் டிஐசி (புடைப்புத் தோற்றம் தரும் முறை) பட்டகம் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

என் கால் இடறியது இங்கேதான். இழைகள் ஏறக்குறைய உடலின் நீளவாக்கில் கிடக்கின்றன. புழு தளவிளைவாக்கிக்கு நேராகவோ குறுக்காகவோ படுத்திருந்தால் ஒளி வரவே வராது. அழகாக வரிசைப்படுத்துகிறேன் பேர்வழி என்று எல்லாப் புழுக்களையும் நேராக அடுக்கியிருந்தேன்! நான்காம் நாள் வளைந்து கிடந்த ஒரு சோம்பேறிப் புழு மட்டும் வளைவின் ஒரு பக்கத்தில் மின்னியது, அடுத்த பக்கத்தில் அணைந்தது. அப்போதுதான் புரிந்தது. மேடையை 45 பாகை திருப்புங்கள். சுழலும் மேடை இல்லையென்றால் ஸ்லைடையே சாய்த்து வையுங்கள்.

குவியத்தைத் தோலுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்; உடலின் நடுவே இறங்கினால் குடல்தான் தெரியும். என்2இல் மெல்லிய ஒளிக்கோடுகள் சீராக ஓடும். சிபி190இல் அதே இடம் மங்கல். ஆனால் தொண்டைத் தசை இரண்டிலும் பளிச்சென்று இருக்கும், ஏனெனில் அதற்கு வேறு மயோசின்கள். தொண்டையும் மங்கினால் குறை உங்கள் அமைப்பில் இருக்கிறது.

விருப்பமிருந்தால் சிபி73 இனத்தையும் பாருங்கள். அதில் அன்க்-15 மரபணு தரும் பாராமயோசின் (தடித்த இழையின் உள்ளே இருக்கும் புரதம்) கெட்டிருப்பதால், அந்தப் புரதம் ஊசி ஊசியாகத் திரண்டு மின்னும்.

பிற்சேர்க்கை: புலம் முழுக்க வானவில் நிறங்கள் தெரிவதாக இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். இருவருமே புழுக்களைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கே தளவிளைவு ஒளியைத் திருகிவிடும்; கண்ணாடி ஸ்லைடுக்கு மாற்றுங்கள்.