320டி, 530டி வச்சிருக்கவங்க ஸ்வர்ல் ஃப்ளாப்பை முதல்ல கழட்டிருங்க

2001க்கு அப்புறம் வந்த 150 எச்பி பிஎம்டபிள்யூ 320டி, இல்ல எம்57ன்னு சொல்ற ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் போட்ட 330டி, 530டி மாதிரி பழைய வண்டி ஏதாவது வச்சிருந்தீங்கன்னா இதை கொஞ்சம் பொறுமையா படிங்க. அதுக்கு முந்தின 136 எச்பி 320டிக்கு இந்த ஃப்ளாப்பே கிடையாது, அவங்களுக்கு கவலை இல்ல.

இன்லெட் மேனிஃபோல்டுக்குள்ள, அதாவது இன்ஜினுக்கு காத்து கொண்டு போற குழாய் தொகுதிக்குள்ள, சிலிண்டருக்கு ஒன்னுன்னு சின்ன இரும்புத் தகடு இருக்கும், அதான் ஸ்வர்ல் ஃப்ளாப். ஆர்பிஎம் கம்மியா இருக்கும்போது அது மூடிக்கும், காத்து சுழன்டு உள்ள போகும், புகை குறையும். ஐடியா நல்ல ஐடியாதான், ஆனா வருஷக்கணக்கா ஆடி ஆடி தண்டு தேஞ்சு ஒருநாள் தகடோ அதைப் புடிச்சிருக்க குட்டி ஸ்க்ரூவோ கழண்டு நேரா சிலிண்டருக்குள்ள விழுந்துரும், பிஸ்டன், வால்வு எல்லாம் காலி, துண்டு எக்ஸாஸ்ட் வழியா போனா டர்போவும் சேந்து போயிரும்.

ஃப்ளாப்பை கழட்டிட்டு அந்த ஓட்டைய மூட அலுமினியத்துல அடைப்பான் விக்கிறாங்க, 22 எம்எம், 33 எம்எம்னு ரெண்டு சைஸ், உங்க மேனிஃபோல்டை அளந்துட்டு வாங்குங்க. கூடவே புது மேனிஃபோல்ட் கேஸ்கெட்டும் வாங்கிருங்க, பழசை திரும்ப போடவே வேணாம். ஜெர்மனி மாதிரி நாட்டுல எமிஷன் பார்ட்ல கைவச்சா வண்டி ரோட்டுல ஓடுற அனுமதியே போயிரும், அங்க இருக்கவங்க ஃப்ளாப்போட புது மேனிஃபோல்டே போட்டுக்கிறதுதான் சரி.

இன்ஜின் நல்லா ஆறினதும் பேட்டரிய கழட்டுங்க. இன்டர்கூலர் ஹோஸ், ஈஜிஆர் வால்வ் (எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்தை திரும்ப இன்ஜினுக்குள்ள விடுறது), அப்புறம் மேனிஃபோல்டோட சேத்து போல்ட் போட்டிருக்க ஆயில் டிப்ஸ்டிக் குழாய், இதெல்லாம் எடுத்தாதான் மேனிஃபோல்ட் வெளிய வரும். ஒவ்வொரு கனெக்டரையும் கழட்டும்போதே போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. மேனிஃபோல்ட் வந்த உடனே ஹெட்ல இருக்க ஓட்டை எல்லாத்தையும் சுத்தமான துணிய வச்சு அடைச்சிருங்க, ஒரு வாஷர் உள்ள விழுந்தாலும் நாம எதுக்கு பயந்தோமோ அதுவே நடந்துரும்.

இப்ப முக்கியமான வேலை. ஃப்ளாப் எல்லாத்தையும் மேனிஃபோல்டுலேர்ந்து கழட்டி தகடையும் ஸ்க்ரூவையும் எண்ணுங்க. நாலு சிலிண்டர்னா நாலு தகடு, ஆறுன்னா ஆறு. ஒரு ஸ்க்ரூ குறைஞ்சாலும் எண்டோஸ்கோப் (குட்டி கேமரா) விட்டு உள்ள பாக்காம வண்டிய ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க, தயவுசெஞ்சு.

உள்ள தார் மாதிரி கரி அப்பியிருக்கும், ஈஜிஆர் புகையும் ஆயில் ஆவியும் கலந்து வந்தது அது. டீசல்ல ஊறவச்சு பிரஷ் போட்டா வந்துரும், நேரம் எடுக்கும், அரைகுறையா விடாதீங்க. நல்லா காஞ்சதும் அடைப்பானோட ஓ-ரிங்ல கொஞ்சம் ஆயில் தடவி உக்கார வைங்க, ஸ்க்ரூவுக்கு த்ரெட்லாக் (ஸ்க்ரூ லூஸ் ஆகாம இருக்க போடுற பசை) போடுங்க. குளிர்ல ஸ்டார்ட் ஆக சிலிண்டரை சூடாக்குற க்ளோ ப்ளக் மேனிஃபோல்டுக்கு அடியிலதான் இருக்கு, போயிருந்தா இப்பவே மாத்திருங்க, இன்னொரு தடவை இவ்ளோ கழட்ட முடியாது.

வாக்குவம்ல (காத்து உறிஞ்சுற இழுப்புல) ஓடுற ஃப்ளாப்னா அதுக்கு வர்ற ரப்பர் குழாய் முனைய இறுக்கமா அடைக்கணும், சும்மா விட்டா வாக்குவம் லீக் ஆகி டர்போ சரியா இழுக்காது. அந்த வாக்குவத்தை திறந்து மூடுற சொலினாய்டு வால்வோட வயரை மட்டும் கழட்டாதீங்க, கழட்டினா எரர் கோடு வரும்.

மாட்டினதும் ஐடில்ல விட்டு சுத்தி கை வச்சு காத்து லீக் இருக்கான்னு பாருங்க. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து ஹோஸ் க்ளாம்ப் எல்லாத்தையும் இன்னொரு தடவை இறுக்குங்க. கீழ் ஆர்பிஎம்ல இழுவை லேசா குறைஞ்ச மாதிரி தெரியலாம், அது ஃப்ளாப் இல்லாததாலதான்.