பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்த கதை: வீட்டிலேயே 16 பக்கப் படப்புத்தகம் செய்வது எப்படி?

அக்கா மகளுக்கு 5 வயது. போன மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்த பிள்ளைப்பூச்சியைப் பார்த்துக் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டாள். "அதற்குக் கொடுக்கே கிடையாது" என்றேன். "முளைத்துவிட்டால்?" என்று கேட்டாள். பிள்ளைப்பூச்சிக்கும் கொடுக்கு முளைத்துவிட்டது என்று ஊரே சொல்லும்போது குழந்தை கேட்பதில் என்ன தவறு? அவளுக்காக ஒரு படப்புத்தகம் செய்ய உட்கார்ந்தேன். மூன்று முறை சொதப்பி நான்காவது முறை சரியாக வந்தது. நீங்கள் முதல் முறையே சரியாகச் செய்வதற்காக இதை எழுதுகிறேன்.

1. பூச்சியைப் பாருங்கள், நகைச்சுவை தானாக வரும்

கண்ணாடியும் தொப்பியும் மாட்டிவிட்டால் பூச்சி வேடிக்கையாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அது மனிதனாகிவிடும், அவ்வளவுதான். உண்மையான பிள்ளைப்பூச்சியே போதுமான கோமாளி. முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி. காது இருப்பதும் அதே முன்னங்காலில்தான். அதாவது, காதோடு மண் தோண்டுகிறது. வளைக்குள் முன்னால் ஓடுவதைப் போலவே பின்னாலும் வேகமாக ஓடும். அதன் உறவான சுவர்க்கோழியில் பெண்ணுக்கு முட்டையிட ஊசிபோல் ஒரு குழாயாவது நீட்டிக்கொண்டிருக்கும். நம் ஆளுக்கு அதுவும் இல்லை.

இதிலிருந்து என் கதை வந்தது. தனக்குக் கொடுக்கு இல்லையே என்று ஏங்கும் குழிப்பாண்டி, ஒரு கருவேல முள்ளைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். ஆனால் அவன் பின்பக்கமாகவும் ஓடுகிறவன் ஆயிற்றே! போகிற இடமெல்லாம் எதையாவது குத்தி இழுத்து வருகிறான். காய்ந்த இலை, யாரோ போட்ட முறுக்கு, கடைசியில் ஒரு பலூன்.

2. பக்கம் பிரிப்பது (நான் சறுக்கிய இடம்)

இதைப் பொறுமையாகப் படியுங்கள். மற்றதையெல்லாம் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.

முதல் பிரதியில் பலூனை இடப்பக்கத்திலும், அது வெடிக்கும் "டமார்!" படத்தை எதிரே வலப்பக்கத்திலும் வைத்திருந்தேன். பக்கத்தைத் திறந்ததும் அக்கா மகள் "வெடித்துவிட்டது" என்றாள், மிகவும் நிதானமாக. நான் இன்னும் பலூனைப் பற்றிய வரியையே வாசிக்கத் தொடங்கவில்லை. வாசிக்கிறவர் வரிவரியாகப் போகிறார். குழந்தையின் கண்ணோ இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கிவிடுகிறது.

படப்புத்தகத்தில் சிரிப்பு ஒளிந்திருப்பது தாளின் மறுபக்கத்தில். முதல் பக்கம் அட்டை என்றால், ஒற்றைப்படைப் பக்கங்கள் எல்லாம் வலப்பக்கம் வரும். ஆகவே 3, 5, 7, 9, 11, 13 ஆகியவற்றில் கேள்வி, ஆபத்து, "அப்போது..." என்று நிறுத்துதல். தாளைப் புரட்டியதும் வரும் 4, 6, 8, 10, 12, 14 ஆகியவற்றில் விடை. இதைத் தலைகீழாக வைத்தால் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நமத்த முறுக்குதான்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. 16 பக்கத்துக்கு நான்கு ஏ4 தாள் போதும். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போட்டுவிட்டுத் தாள்களைப் பிரித்துப் பாருங்கள். 16-க்குப் பக்கத்தில் 1, 2-க்குப் பக்கத்தில் 15, 14-க்குப் பக்கத்தில் 3 என்று இருக்கும். ஒரு தாளின் ஒரே முகத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17. கூட்டுத்தொகை மாறினால் எங்கோ தவறு என்று அர்த்தம்.

இந்த வரிசையில் 8-உம் 9-உம் மட்டுமே அடுத்தடுத்த எண்களாக ஒரே தாளில், ஒரே முகத்தில் விழும். அதாவது புத்தகத்தின் நட்டநடு. மற்ற இடங்களில் இரண்டு பக்கத்தை நிறைக்கும் படம் வரைந்தால் அது இரு வேறு தாள்களில் பிரிந்து, கோடு கோட்டோடு சேராமல் நிற்கும். நடுவில் சேரும். அதனால் பலூன் 7-ஆம் பக்கம், "டமார்!" 8, 9 முழுவதும் (9-இல் மட்டும் கேள்வி கிடையாது). என் கதையை இந்த ஓரிடத்துக்காகவே திருத்தி எழுதினேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

3. எழுத்து

ஒரு பக்கத்துக்கு இரண்டு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். "ஓடிக்கொண்டிருந்தபோது" போன்ற நீளமான சொல் வந்தால் வரி உடைந்து அசிங்கமாகும், "ஓடினான். ஓடினான்." என்று எழுதுங்கள். எதுகை மோனைக்காகச் சொல்லை முறுக்காதீர்கள். தமிழில் சிரிப்பு மூட்ட ஒலிக்குறிப்புகள் இருக்கவே இருக்கின்றன: குடுகுடு, சரசர, தொப். சத்தம் போட்டு வாசித்துப் பாருங்கள். உங்களுக்கே வாய் குழறினால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

4. படம்

எனக்கு வரைய வராது. கறுப்பு மைப் பேனாவும் நீர்வண்ணமும் போதுமென்று முடிவு செய்தேன். பேனாக்கோடு கொஞ்சம் நடுங்கினால் அதுவும் வேடிக்கைதான். கணினியில் வரைந்தால் எல்லாப் பூச்சியும் பொம்மைக் கடையில் வாங்கியதுபோல் இருக்கிறது. இது என் தனிப்பட்ட கருத்து, சண்டைக்கு வராதீர்கள். வரைந்ததை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். மடிப்பு ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் முகம் மடிப்புக்குள் போய்விடும்.

5. எழுத்தைப் படத்தோடு சேர்ப்பது

படம் திருத்தும் மென்பொருள் சிலவற்றில் தமிழைத் தட்டினால் "கொ"வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். கொடுக்கைப் பற்றிய கதையில் இது பெரிய தலைவலி. அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேடி இயக்கினால் சில மென்பொருள்களில் சரியாகும். நான் ஒரு மாலை முழுவதும் அதோடு மல்லுக்கட்டிவிட்டு லிப்ரே ஆபிஸ் என்ற ஆவண மென்பொருளுக்குப் போய்விட்டேன். பக்கத்தை ஏ5 என்று வைத்து, படத்தைச் செருகி, அதன்மேல் எழுத்துப் பெட்டி போட்டேன். இலவசம், தமிழும் உடையாது. வரிகளுக்கு முக்த மலர் எழுத்துரு, சத்தங்களுக்குப் பலூ தம்பி. தம்பி கொழுகொழுவென்று இருப்பான், "டமார்" அவனுக்கென்றே பிறந்த சொல்.

6. அச்சிட்டுத் தைப்பது

பி.டி.எஃப் ஆக்கி, அடோப் ரீடரில் அச்சிடும்போது சிறுநூல் (Booklet) முறையைத் தேர்ந்தெடுங்கள். 17 கணக்கை அது பார்த்துக்கொள்ளும். ஆனாலும் மாதிரிப் பிரதி செய்யாமல் இங்கே வராதீர்கள்.

சாதாரண ஸ்டேப்ளர் தாளின் நடுவுக்கு எட்டாது. நான் நூலுக்கே வாக்களிப்பேன். மடிப்பின் மேல் ஊசியால் மூன்று துளை போடுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், கீழ்த்துளை வழியாக வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே நுழையுங்கள். இரண்டு முனைகளும் நடுவில் சந்திக்கும். இடையில் ஓடும் நீள நூலுக்கு இருபுறமும் ஒவ்வொன்றாக வைத்து முடிச்சுப் போடுங்கள். மடித்ததும் உள்தாள்கள் கொஞ்சம் வெளியே நீட்டும்; இரும்பு அளவுகோல் வைத்துக் கத்தியால் சீவிவிடலாம்.

பிற்சேர்க்கை: பின்முகம் தலைகீழாக அச்சாகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருபக்க அச்சில், தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பும்படி அமைக்க வேண்டும். நீள விளிம்பில் திருப்பினால் குழிப்பாண்டி ஒவ்வொரு தாளின் பின்முகத்திலும் தலைகீழாக நடப்பான். கடையில் அச்சிட்டால் முதலில் ஒரே ஒரு தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னொன்று: 6-ஆம் பக்கத்தில் எட்டுக் கால் இருப்பதாக ஒரு வாசகரின் மகன் எண்ணிச் சொல்லியிருக்கிறான். உண்மைதான். ஆறு கால்களும் மார்புப் பகுதியிலிருந்து வர வேண்டும். நான் வயிற்றிலும் இரண்டு சேர்த்திருந்தேன். திருத்திவிட்டேன். அவனுக்கு நன்றி.

மூன்றாவதாக: வாட்ஸப்பில் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அனுப்பலாம். போனில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகத் தள்ளிப் பார்ப்பதால் ஒற்றை, இரட்டை பற்றிய கவலை இல்லை. ஆனால் 8-ஐயும் 9-ஐயும் ஒட்டி ஒரே அகலப் பக்கமாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். நான் மறந்துவிட்டேன். அக்காவின் போனில் "டமா" என்று வெடித்த பலூன், அடுத்த பக்கத்துக்குப் போய்த்தான் "ர்" என்றது.