மழைக்குப் பச்சையாகும் நீச்சல் தடாகம்

பண்டாரவளையில் ஒக்டோபர் மழை பிடித்தால் போதும், எங்கள் வீட்டு நீச்சல் தடாகம் பச்சையாகிவிடும். கடைக்காரர் "இன்னும் கொஞ்சம் குளோரின் போடுங்க" என்பார். போட்டாலும் நிற்காது. குளித்தால் கண் எரியும், படிச் சீமெந்து காலில் சொரசொரவென்று உரசும்.

பரிசோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்தால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு, 7க்குக் கீழே அமிலம்) 6.8க்கும் கீழே! எங்களுடையது பீலித் தண்ணீர் (மலை ஊற்று நீர்), அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் காரத்தன்மை மிகக் குறைவு. அதில் மழைநீரும் அமிலத்தன்மையுள்ள குளோரின் வில்லையும் சேர்ந்தால் பிஎச் இறங்காமல் என்ன செய்யும்? இதற்கு மருந்து சமையலறையில் இருக்கும் அப்பச்சோடாதான். 1,000 லீட்டருக்கு 17 கிராம் போட்டால் காரத்தன்மை சுமார் 10 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 10 பங்கு) ஏறும். 80 தாண்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றினேன்.

அப்புறம் பாசி. அடியில் ஊறிக் கிடந்த இலைகளை முதலில் வலையால் அள்ளினேன், அவை குளோரினைத் தின்றுவிடும். சுவரைத் தேய்த்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகே திரவக் குளோரின் ஊற்றினேன். வெயிலில் ஊற்றுவது காசைக் கரைப்பது. இரவு முழுக்கப் பம்ப் ஓடியது. காலையில் தண்ணீர் பால் மாதிரி கலங்கியிருந்தது. செத்த பாசிதான், பயம் வேண்டாம். மணல் வடிகட்டியைத் தண்ணீரை எதிர்ப்பக்கம் ஓடவிட்டுக் கழுவினேன். தெளிந்தது.

இப்போது பிஎச் 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பிபிஎம். கனமழைக்கு மறுநாள் கட்டாயம் பார்ப்பேன். ஒன்று மட்டும்: வில்லையையும் குளோரின் தூளையும் ஒரே வாளியில் கலக்கவே வேண்டாம், வெடித்துத் தீப்பிடிக்கும்.