ஸ்பிரிங் சிமுலேஷனில் ஆற்றல் ஏறிக்கொண்டே போகிறதா?

உராய்வே இல்லாத ஸ்பிரிங்கை பைத்தானில் ஆட விடுகிறீர்கள். வீச்சு தானாகப் பெருகுகிறது. சூத்திரத்தில் தப்பு தேட வேண்டாம், பழைய இடத்தையும் பழைய திசைவேகத்தையும் வைத்தே அடுத்த கணத்தின் இடம், திசைவேகம் இரண்டையும் கணக்கிடும் சாதாரண ஆய்லர் முறையின் குணமே அது. அலைவுக் காலம் 1 நொடி, காலப் படி (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) 0.01 நொடி என்றால், ஒரே அலைவில் ஆற்றல் சுமார் 48 சதவீதம் கூடிவிடும்! படியைச் சிறிதாக்கினால் பெருக்கம் மெதுவாகுமே தவிர நிற்காது.

வரிசையை மாற்றுங்கள். முதலில் திசைவேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய திசைவேகத்தை வைத்தே இடத்தைக் கணக்கிடுங்கள். ஆற்றல் லேசாக ஏறி இறங்கும், கைமீறிப் போகாது. ஒரு வரி இடம் மாறியதற்கு இவ்வளவு பலன் கொஞ்சம் அதிகம்தான். கோள்களின் சுற்றுப்பாதைக்கும் இதே வழி சரிவரும்.

அப்புறம், மொத்த ஆற்றலையும் தனி வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். அசைவில் கண்ணுக்குத் தப்பும் பிழை அதில் மாட்டிக்கொள்ளும்.