பழவேற்காட்டுக்கு ஒரு நாள் போய்வருவது எப்படி?

எங்கள் வீடு பொன்னேரியில். சித்தப்பாவின் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து இறால் வாங்கப் போன வயதில் பிடித்த பழக்கம், முட்டி வலிக்கிற இந்த வயதிலும் விடவில்லை. அதனால் சென்னையில் இருக்கிற சொந்தக்காரர்கள் யார் பழவேற்காட்டுக்குக் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். "அத்தை, அங்க பாக்க என்ன இருக்கு?" மே மாத ஞாயிற்றுக்கிழமை, மதியம் 12 மணிக்குக் காரில் வந்து இறங்கினால் வெயிலும் கருவாட்டு வாசமும்தான் இருக்கும் என்று சொல்லிவிடுவேன். உங்களுக்கு லீவு கிடைக்கிற நாளைப் பார்த்துப் போகிற இடமில்லை அது. தண்ணீர் இருக்கிற நிலையைப் பார்த்துப் போக வேண்டும்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரிதான். பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. தெற்கு ஓரம்தான் நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. பரப்பளவு எவ்வளவு என்று கேட்டால் எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். மழைக்குப் பிறகு 450 சதுர கிலோமீட்டர் வரை விரியும், கோடையில் 250 அளவுக்குச் சுருங்கிவிடும். ஆழமும் பெரிதாக இல்லை, பல இடங்களில் இடுப்பளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். அப்போது முகத்துவாரம் அகலமாகத் திறந்து கடலும் ஏரியும் கலக்கும். வெயில் ஏற ஏற மணல் வந்து வாயை அடைக்கப் பார்க்கும், தண்ணீர் வற்றி உப்பு ஏறும்.

ஆகவே முதல் முறை போகிறவர்கள் தை, மாசியில் போங்கள். மழைத் தண்ணீர் கொஞ்சம் வடிந்திருக்கும், பறவைகள் இருக்கும், வெயிலும் தாங்கும். புயல் எச்சரிக்கை இருக்கிற நாளில் தயவுசெய்து வராதீர்கள்.

வழி சுலபம். சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் உண்டு. காரில் வந்தால் கொல்கத்தா நெடுஞ்சாலையில் தச்சூர் கூட்டுச்சாலையில் திரும்பிப் பொன்னேரி வழியாக வரலாம். சென்னையிலிருந்து மொத்தம் 60 கிலோமீட்டர் அளவு. காலை 6 மணிக்கெல்லாம் ஏரிக்கரையில் நிற்கிற மாதிரி கிளம்புங்கள். பெண்களுக்கு ஒரு வார்த்தை: கழிப்பறை வேலையைப் பொன்னேரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் போனபின் தேடி அலைய வேண்டியிருக்கும். தொப்பி, குடிதண்ணீர், முள் ஏறாத செருப்பு, ஒரு தெர்மாகோல் பெட்டி. பைனாகுலர் இருந்தால் நல்லது.

வந்ததும் எல்லோரும் கடற்கரை எங்கே என்றுதான் கேட்பார்கள். அது எங்கும் ஓடிவிடாது. முதலில் படகுகள் வந்து சேருகிற இடத்தில் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். வலையிலிருந்து இறாலை உதறுவதும், மடவை தனி, கெழுத்தி தனி என்று பிரித்துப் போடுவதும், ஏலம் கேட்கிற சத்தமும் அந்த நேரத்தில்தான். கரையில் காய்கிற வலையை மிதிக்காதீர்கள். படம் எடுப்பதற்கு முன்னால் "எடுக்கலாமாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏரிக்குள் நட்டிருக்கிற கழிகளைப் பார்த்து யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டலாம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களுக்குள் யார், எந்த நாள், எந்த இடம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடங்களுக்குத்தான் மதிப்பு அதிகம். காரணம் இறாலின் போக்கு. இறால் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும், பெரிதானதும் மறுபடி கடலுக்குத் திரும்பும். திரும்புகிற வழியில்தான் வலை காத்திருக்கிறது. முகத்துவாரம் அடைபட்டுப் போனால் ஏரியை நம்பியிருக்கிற குப்பங்களில் அடுப்பு எரிவது கஷ்டம். ஆழம் குறைந்த ஓரத்தில் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடி கையால் துழாவி இறால் பிடிப்பதையும் பார்க்கலாம். பெரும்பாலும் இருளர் பெண்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் சேற்றுக்குள். அங்கே நின்று செல்பி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படகுச் சவாரி பற்றிக் கேட்பீர்கள், தெரியும். வேண்டாம். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப் பார்க்கப் போன குடும்பத்தின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. யாராவது பக்கத்தில் வந்து மெதுவாக விலை சொன்னால் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். கரையிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது.

பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்க வேண்டுமென்றால் அண்ணாமலைச்சேரிப் பக்கம் போக வேண்டும். பூநாரைக்கு ஆழம் ஆகாது. நின்றபடி தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, சேற்றோடு சேர்த்து உறிஞ்சிச் சின்னச் சின்ன உயிர்களை வடிகட்டித் தின்னும். அதனால் மழை கொட்டித் தீர்த்த வருடத்தில் மார்கழியில் வந்தால் ஏமாற்றம்தான், தண்ணீர் வற்றுகிற இடம் தேடி அவை வேறு பக்கம் போயிருக்கும். உள்ளூர்க்காரர் யாரையாவது "இப்ப எந்தப் பக்கம் மேயுது?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகில் விழும்படி நில்லுங்கள். இல்லையென்றால் எல்லாமே கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பறக்கவிட்டுப் படம் எடுக்கிற ஆசையில் கல் எறிகிற பிள்ளைகளை உங்கள் பிள்ளை என்றாலும் அதட்டுங்கள். இன்னும் நிறையப் பார்க்கிற ஆசை இருந்தால் இன்னொரு நாளை ஒதுக்கி ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலைக்குப் போங்கள். அந்தச் சாலை ஏரியின் நடுவிலேயே போகிறது. நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடா கூடு கட்டுவதையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

சரி, கடற்கரை. பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால் மறுபுறம் வங்கக்கடல். மெரினாவைப் பார்த்த கண்ணுக்குக் கூட்டமில்லாத இந்த மணல் பெரிய ஆறுதல். நடக்கலாம், காலை நனைக்கலாம், கிளிஞ்சல் பொறுக்கலாம். குளிக்கக் கூடாது. முகத்துவாரத்துக்குக் கிட்டே அறவே கூடாது. மேலே பார்த்தால் தண்ணீர் அசையாத மாதிரிதான் இருக்கும். வற்றுகிற நேரத்தில் ஏரித் தண்ணீர் முழுக்க அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குப் பாயும்போது, நீச்சல் தெரிந்த ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். 9 மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பிக்கும். அப்போது ஊருக்குள் திரும்பிவிடுங்கள்.

வெயில் நேரத்தை டச்சுக் கல்லறையில் கழிப்பது என் வழக்கம். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இன்று முள்புதர் மூடிய மேடு. அதைத் தேடி வெயிலில் அலைய வேண்டாம். கல்லறையைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். சின்ன வயதில் அதைப் பார்க்கத்தான் சித்தப்பாவை நச்சரிப்பேன். இங்கிருந்து துணி போனது எல்லோருக்கும் தெரியும். வெடிமருந்து செய்ததும், நம் ஆட்களையே அடிமைகளாகக் கப்பல் ஏற்றிப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பியதும் அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான். கல்லறைக் கற்களில் இருக்கிற அந்த அழகான எழுத்துகளைத் தடவிப் பார்க்கிறபோது அதையும் நினைத்துக்கொள்வேன். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நேரம் இருந்தால் மகிமை மாதா கோவிலையும் பழைய பள்ளிவாசல்களையும் பாருங்கள். பெண்கள் பின்னுகிற பனை ஓலைப் பெட்டிகள் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விடுகிற நாளில் வரலாமா என்று தம்பி மகன் கேட்டான். தாராளமாக வரலாம், கடற்கரையிலிருந்து நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்குப் படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள், அதனால் மீனை எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியில் வாங்குகிற வேலை. இதைக் காலையிலேயே செய்துவிட்டுப் பெட்டியை வெயிலில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள்; கிளம்புவதற்கு முன் வாங்கினால் போதும். இறாலின் தலை உடம்போடு கெட்டியாக ஒட்டியிருக்க வேண்டும், தொங்கினால் பழசு. மடவைக்குச் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். சேற்று நண்டைக் கயிறு கட்டி உயிரோடு விற்பார்கள். பெரிதாக இருப்பதை விட்டுவிட்டுக் கையில் கனமாக இருப்பதை எடுங்கள். அடிவயிற்றை அழுத்தினால் அமுங்கக் கூடாது. பௌர்ணமி நண்டில் சதை இருக்காது என்று விற்கிற அக்காக்களே சொல்வார்கள். சொன்னால் நம்பி அன்றைக்கு இறாலோடு திரும்பிவிடுங்கள். இறாலுக்கும் மீனுக்கும் ஐஸ் போடுங்கள், நண்டை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றித் தனியாக வையுங்கள். வழியில் செத்துப்போன நண்டு குழம்புக்கு ஆகாது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.