ஸ்கெட்ச்அப்: சன்னல் கண்ணாடியில் மறுபக்கம் தெரியவில்லையா? முதலில் சுவரைப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீட்டுக்கு, ஸ்கெட்ச்அப் என்ற வரைபட மென்பொருளில் முப்பரிமாணப் படம் போட்டு, வீட்டுக்கார அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தேன். ஹாலில் உட்கார்ந்தால் சன்னல் வழியே வயலோரத்துப் பனைமரங்கள் தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. நாலு பனையை நட்டு, கண்ணாடிக்கு இளநீலம் அடித்துத்தான் அனுப்பினேன். கால் மணி நேரத்தில் போன். “ஏனுங் தம்பி, சன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சு மூடிட்டீங்களா?”

திறந்து பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அன்று சாயங்காலம் முழுக்க ஒபாசிட்டி (நிறம் பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்கும் என்ற அளவு) ஸ்லைடரை இழுத்துக்கொண்டே இருந்தேன். குற்றம் அங்கே இல்லவே இல்லை. நான் அலைந்த வழியை அப்படியே எழுதுகிறேன். கோடு போடவும் புஷ்-புல் (ஒரு முகத்தைத் தள்ளவும் இழுக்கவும் உதவும் கருவி) பிடிக்கவும் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

என்னிடம் இருப்பது ஸ்கெட்ச்அப் மேக் (Make) 2017. கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவசப் பதிப்புகளில் அதுதான் கடைசி. புதிய பதிப்புகளில் பட்டன்கள் இடம் மாறியிருக்கும், வேலை ஒன்றுதான்.

படி 1: எக்ஸ்ரேயை அணையுங்கள்

வியூ மெனுவில் ஃபேஸ் ஸ்டைல் என்று ஒன்று உண்டு. புதிதாக வருபவர்கள் அதில் எக்ஸ்ரேயை அமுக்கிவிட்டு, கண்ணாடி தெரிகிறது என்று சந்தோஷப்படுவார்கள். சுவர், கூரை, பீரோ எல்லாமே சேர்ந்து தெரியும். அது வேண்டாம். அதே இடத்தில் மோனோக்ரோம் இருந்தால் எந்த நிறமும் எடுபடாது. ஷேடட் வித் டெக்ஸ்சர்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: ஓட்டை நிஜமாகவே ஓட்டையா?

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

சுவருக்கு இரண்டு முகம். வெளி முகத்தில் செவ்வகம் வரைந்து அதற்குக் கண்ணாடி நிறம் அடித்தால், கண்ணாடி வழியே உள் முகத்தின் முதுகுதான் தெரியும். அதனால் புஷ்-புல் வைத்து அந்தச் செவ்வகத்தை உள்ளே தள்ளி, சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போக வேண்டும். இது எனக்கும் தெரியும். தள்ளியும் இருந்தேன். ஆனாலும் அடைப்பு.

சுவரை நான் 0.23 மீட்டர் தடிமனில் எழுப்பியிருந்தேன். எங்கள் ஊரில் அளவு இரண்டு பாஷை பேசும். பஞ்சாயத்துக்குப் போகும் பிளான் மீட்டரில் இருக்கும். வேலந்தாவளம் தாண்டி கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வரும் மேஸ்திரி பேசுவதெல்லாம் அடி, அங்குலம். ‘ஒம்பது இஞ்ச் சுவர்’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய கை, புஷ்-புல்லில் 9 என்று அங்குலக் குறியோடு அடித்து என்டர் தட்டிவிட்டது. 9 அங்குலம் என்பது 228.6 மில்லிமீட்டர். சுவரோ 230. மிச்சம் 1.4 மில்லிமீட்டர். வெங்காயத்தோல் மாதிரி ஒரு சுவர் சன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

டேப் மெஷர் வைத்து ஆழத்தை அளந்தேன். 0.23 மீட்டர் என்றே காட்டியது! எண்ணுக்கு முன்னால் பாம்பு மாதிரி நெளிந்த ஒரு சின்னக் கோடு இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த நெளிகோடு இருந்தால் அளவு முழுசாக்கிக் காட்டப்படுகிறது என்று அர்த்தம். விண்டோ மெனு, மாடல் இன்ஃபோ, யூனிட்ஸ் போய் மில்லிமீட்டருக்கு மாற்றி, தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 228.6 என்று உண்மையைச் சொல்லிவிடும்.

இப்போது நான் எண் அடிப்பதே இல்லை. கூரையை ஒளித்துவிட்டு, சுவரின் மேல் விளிம்புகள் இரண்டும் தெரிகிற மாதிரி மேலிருந்து பார்க்கிறேன். புஷ்-புல்லால் செவ்வகத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய், உள்பக்க விளிம்பின் மேல் எலிக்குறியை நிறுத்திச் சொடுக்கினால் முகம் மறைந்து ஓட்டை விழும். ஏற்கெனவே தோல் மிச்சம் வைத்தவர்கள், குழியின் அடி முகத்தை இதே மாதிரி இன்னொரு முறை தள்ளினால் போதும். சுவர் குரூப்பாக (ஒன்றாகக் கட்டிய தொகுதியாக) இருந்தால் இரட்டைச் சொடுக்கில் உள்ளே போய்ச் செய்யுங்கள்.

இன்னொன்று: அறைக்குள் சிவப்பாக ஒரு பெட்டியை வைத்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது சிவப்பு தெரிந்தால் வழி திறந்துவிட்டது. வெள்ளைச் சுவருக்குப் பின்னால் வெள்ளைச் சுவரை வைத்துக்கொண்டு கண்ணாடியைச் சோதித்தால் ஒன்றும் விளங்காது.

படி 3: கண்ணாடி

ஓட்டையின் மேல் ஒரு செவ்வகம் வரைந்து, அதைத் தனி குரூப்பாக்கி, சுவரின் நடுத்தடிமனுக்கு நகர்த்துங்கள். ஒரே ஒரு முகம் போதும். நிஜக் கண்ணாடி 5 மில்லிமீட்டர் என்று அதற்கும் தடிமன் கொடுத்தால், முன்னும் பின்னும் இரண்டு தாள் ஆகி, நிறம் இருமடங்கு கறுக்கும். வீரே போன்ற, போட்டோ மாதிரிப் படம் எடுக்கும் ரெண்டரிங் மென்பொருளுக்குப் போகிறவர்கள் மட்டும் தடிமன் கொடுக்கட்டும்.

படி 4: நிறம்

பி விசையைத் தட்டினால் பெயின்ட் பக்கெட். மெட்டீரியல்ஸ் தட்டில் கண்ணாடிக்கென்று ஒரு தொகுப்பு இருக்கிறது. ப்ரவுசரில் ஓடும் இலவசப் பதிப்பு வைத்திருப்பவர்கள் அதிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அடித்த அந்த இளநீலம் எனக்கே பிடிக்கவில்லை, பஸ் ஸ்டாண்ட் கழிப்பிடம் மாதிரி இருக்கும். நான் சாம்பலைத் தொட்ட ஒரு பச்சையைப் புதிதாக உருவாக்கி, ஒபாசிட்டியை 25-இல் வைக்கிறேன். 0 வைத்தால் கண்ணாடி இருப்பதே தெரியாது. குளியலறை வென்டிலேட்டருக்கு வெள்ளையில் 80. பின்ஹெட் என்கிற மங்கல் கண்ணாடி மாதிரியே வரும். ஆனால் இரண்டுக்கும் தனித்தனி மெட்டீரியல் வையுங்கள். ஒன்றையே வைத்து ஸ்லைடரை இழுத்தால், ஹால் சன்னலும் சேர்ந்து மாறும்.

அப்புறம் நிழல். ஒபாசிட்டி 70-க்குக் கீழே இருந்தால் கண்ணாடி வெயிலை முழுக்க உள்ளே விடும். 70-உம் அதற்கு மேலும் போனால் சுவர் மாதிரி முழு நிழல் விழும். நடுவில் ஒன்றும் கிடையாது. வென்டிலேட்டருக்குக் கீழே தரை ஏன் கறுப்பாக இருக்கிறது என்று மண்டையைக் குடைய வேண்டாம்.

இதற்கு மேலும் சரியாகவில்லையா?

சித்தூரிலிருந்து ஒரு தம்பி தன் கோப்பை அனுப்பியிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி, உள்ளே நின்று பார்த்தால் பலகை. ஸ்கெட்ச்அப்பில் ஒவ்வொரு முகத்துக்கும் முன்பக்கம், பின்பக்கம் உண்டு. பின்பக்கம் சும்மா இருந்தால் கண்ணாடி நிறம் இரண்டு பக்கமும் ஏறிக்கொள்ளும். அவர் முதலில் சுவர் வண்ணத்தை உள்பக்கம் அடித்து வைத்திருந்தார். உள்ளே போய் அந்தப் பக்கத்துக்கும் அதே கண்ணாடியை அடித்ததும் சரியானது.

இன்னொருவர் குரூப்புக்குள் போகாமல் வெளியிலிருந்தே பெயின்ட் அடித்திருக்கிறார். உள்ளிருக்கும் முகத்துக்கு ஏற்கெனவே சொந்த நிறம் இருந்தால், குரூப்புக்கு அடித்த நிறம் அதன் மேல் ஏறாது. உள்ளே நுழைந்து அந்த முகத்துக்கே அடிக்க வேண்டும்.

3டி வேர்ஹவுஸ் என்ற ஸ்கெட்ச்அப் இணையக் கிடங்கில் இறக்கிய ரெடிமேட் சன்னல்களைச் சுவரில் ஒட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவை தாமாகவே ஓட்டை வெட்டும், ஆனால் ஒட்டிய முகத்தை மட்டும்தான். உள்பக்க முகத்தை நீங்கள்தான் வெட்ட வேண்டும். இதனால்தான் நான் சன்னலை வெளியிலிருந்து எடுப்பதில்லை. நம் ஊர்க் கம்பிச் சன்னலும் அங்கே ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

கண்ணாடியும் சுவரும் ஒரே தளத்தில் இருந்தால், சுற்றிப் பார்க்கும்போது மினுக் மினுக்கென்று கோடு கோடாக அடிக்கும். கண்ணாடியை ஓர் அங்குலம் உள்ளே தள்ளுங்கள், நின்றுவிடும்.

அந்த அம்மாவுக்குத் திருத்திய படத்தை அனுப்பினேன். நாலு பனையும் தெரிந்தது. “நல்லாருக்குங் தம்பி. கொசுவலை எங்கீங்?” அதற்கு, கண்ணாடிக்கு ஓர் அங்குலம் உள்ளே இன்னொரு முகம், கரும்சாம்பல், ஒபாசிட்டி 40.